ஒரு வருஷம் வெளிநாடு: சேவையா, ஓபேரா, பண்ணையா, ஆஸ்திரேலியாவா?

நம்ம ஊரில் 'கேப் விழுந்திருச்சு' என்றால் துக்கச் செய்தி. நாமக்கல்லில் நீட் ரிப்பீட்டர் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றியோ, அரியர் முடிக்காத பையனைப் பற்றியோதான் அப்படிச் சொல்வார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு என் சித்தி மகன் போன மாதம் போன் பண்ணி, "அக்கா, நானே ஒரு வருஷம் கேப் எடுக்கப் போறேன். வெளிநாட்டுல வாலன்டியரிங்" என்றான். பின்னாலிருந்து சித்தியின் குரல்: "சம்பளம் எவ்ளோன்னு அவகிட்ட கேளுடா."

அவனுக்கு வயது 22. பி.காம் முடித்திருக்கிறான். யாரோ சொல்லி ஜெர்மன் மொழி ஏ2 வரை (ஏ1-ல் தொடங்கும் ஆறு நிலைகளில் இரண்டாவது, அடுத்தது பி1) படித்துவிட்டான். நான் 2022-23-ல் ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு வருஷம் தன்னார்வலராக இருந்தவள் என்பதால், குடும்பத்தில் இந்த விஷயத்துக்கு நான்தான் நீதிமன்றம். அன்றிரவே ஒரு எக்செல் அனுப்பினான். நான்கு வரிசை: ஜெர்மனியில் சமூக சேவை ஆண்டு, அதே ஜெர்மனியில் ஓபேர் (ஒரு குடும்பத்தோடு தங்கிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது), ஐரோப்பாவில் எங்காவது இயற்கை விவசாயப் பண்ணை, வேலை பார்த்துக்கொண்டே ஊர் சுற்ற ஆஸ்திரேலியா தரும் வொர்க் அண்ட் ஹாலிடே விசா. பத்திகள்: நாடு, வேலை, காசு, விசா, செலவு. பி.காம் பையன் இல்லையா, கூட்டலெல்லாம் சரியாக இருந்தது.

ஒரு பத்தி மட்டும் இல்லை. வேலை முடிந்த பிறகு எங்கே போவாய்? சாயங்காலம் எந்தக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவாய்? அதைச் சேர்த்துவிட்டு மறுபடி அனுப்பு என்றேன். நான் பார்த்தவரையில் பாதியில் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் யாரும் வேலை கஷ்டம் என்று திரும்பவில்லை. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் அவர்களைத் திருப்பி அனுப்பின.

முதலில் எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஜெர்மனியில் சேவை ஆண்டுக்கு இரண்டு பெயர் உண்டு. எஃப்எஸ்ஜே என்பது 1964-ல் சட்டமானது, 27 வயது ஆகாதவர்களுக்கு. பிஎஃப்டி என்பது 2011 ஜூலை 1-ல் தொடங்கியது, மேல் வயது வரம்பு கிடையாது. அதுவரை ராணுவத்துக்குப் போக மனமில்லாத இளைஞர்கள் அதற்குப் பதிலாக முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் வேலை செய்து கணக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் கட்டாய ராணுவ சேவையையே நிறுத்திவைத்துவிட்டார்கள். சக்கர நாற்காலி தள்ள திடீரென்று ஆளில்லை. அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் பிஎஃப்டி. உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பெரும்பாலும் 12 மாதம், முழுநேர வேலை, குறைந்தது நான்கு வாரம் விடுப்பு.

சித்தியின் கேள்விக்குப் பதில்: சம்பளம் கிடையாது, கைச்செலவுப் பணம் உண்டு. அதற்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள், 2025-ல் அது மாதம் 644 யூரோ. உச்சவரம்பு என்பதைக் கவனிக்கவும். பல இடங்களில் 300-லிருந்து 500-க்குள்தான். எனக்கு 400 யூரோவும் இலவச அறையும், வேலை நாட்களில் இல்லத்துச் சாப்பாடும் கிடைத்தன. ஏஜென்ட் விளம்பரங்களில் 644-ஐ மட்டும் கொட்டை எழுத்தில் போடுவார்கள்.

காசை விடப் பெரிய விஷயம் காப்பீடு. மருத்துவம், விபத்து, ஓய்வூதியம் என்று அந்த நாட்டின் சமூகக் காப்பீடு முழுவதிலும் உங்கள் பெயரில் பணம் கட்டுவார்கள். நவம்பரில் எனக்குக் கடைவாய்ப்பல் வீங்கியது. கார்டை நீட்டினேன், பல்லைப் பிடுங்கினார்கள், பையிலிருந்து ஒரு பைசா போகவில்லை. பிறகு வருஷத்தில் 25 நாள் கருத்தரங்கு. ஐந்தைந்து நாளாக ஏதாவது ஒரு விடுதிக்கு அழைத்துப்போய் மற்ற தன்னார்வலர்களோடு உட்காரவைத்துப் பேசவிடுவார்கள். போவதற்கு முன்னால் இதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன். அந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்த நட்பெல்லாம் அங்கே கிடைத்ததுதான்.

வேலை எப்படி இருக்கும்? காலை ஷிஃப்ட் ஆறரைக்கு. கால் வீக்கத்துக்குப் போடும் இறுக்கமான காலுறையை ஒரு பாட்டிக்கு மாட்டிவிட ஆரம்பத்தில் எனக்குக் கால் மணி நேரம் ஆனது. பாட்டி மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருப்பார். மாலை ஷிஃப்டில் ரொட்டி வெட்ட வேண்டும். ஜெர்மானியர்களுக்கு ராத்திரி சாப்பாடு சூடாக இருக்காது, ரொட்டியும் வெண்ணெயும் சீஸும்தான். பல் இல்லாதவர்களுக்கு ஓரத்தைச் சீவி எடுத்துவிட்டு, உள்ளே இருப்பதைக் கட்டைவிரல் அகலத்துக்குச் சின்னச் சின்னச் சதுரமாக நறுக்க வேண்டும். அந்தச் சதுரத்துக்கு 'ரைட்டர்ஷென்' என்று பெயர், குட்டிக் குதிரைவீரன் என்று அர்த்தம். முதல் வாரம் நான் சதுரத்தைப் பெரிதாக வெட்டிவிட்டேன். ஒரு தாத்தா அதை எடுத்துப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், எனக்குப் புரியவில்லை. மூன்று மாதம் கழித்து அதையே மறுபடி சொன்னபோது புரிந்தது: "இது குதிரைவீரன் இல்ல, குதிரை." பி1 வரை படித்துப் போனால் அந்த மூன்று மாதத்தை மிச்சப்படுத்தலாம். ஏ2-வோடு போனால் சிரிப்புக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. தன்னார்வலர் கூடுதல் கைதான், சம்பள ஆளுக்கு மாற்றாகத் தன்னார்வலரை வைக்கக் கூடாது என்பது விதி. பிப்ரவரியில் ஃப்ளூ வந்து பாதி ஊழியர்கள் படுத்துவிட்டார்கள். ஷிஃப்ட் அட்டவணையில் என் பெயரை முழு ஆளாகப் போட்டார்கள். இரண்டு நாள் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் 14 பேருக்கு நான் ஒருத்தி. ஒருவருக்குப் புரையேறியது. நல்ல வேளை, பக்கத்து மாடியிலிருந்து நர்ஸ் ஓடி வந்தார். மறுநாள் நான் போன் பண்ணியது இல்லத்துத் தலைவருக்கு இல்லை, சேவை ஆண்டை நடத்தும் அமைப்பில் எனக்கென்று ஒதுக்கப்பட்ட பொறுப்பாளருக்கு. வாரக் கடைசிக்குள் அட்டவணை மாறியது. என் மேலாளர் பத்து நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார், அது வேறு. முதலாளியாக இல்லாத ஒருவரிடம் முறையிட வழி இருக்கிறதா என்பதை எக்செலில் இன்னொரு பத்தியாகப் போடச் சொன்னேன்.

இனி அந்தக் கதவு. எனக்குக் கொடுத்தது இல்லத்திலிருந்து 20 நிமிட நடையில், மூன்று தன்னார்வலர்கள் சேர்ந்து தங்கும் வீட்டில் ஓர் அறை. மடகாஸ்கர் பெண் ஒருத்தி, ஜார்ஜியாக்காரி ஒருத்தி, நான். சமையலறை பொது. வேலை முடிந்து அந்த 20 நிமிடம் நடப்பதற்குள் நான் பராமரிப்பாளர் என்ற நிலையிலிருந்து இறங்கி வெறும் ஆளாகிவிடுவேன். சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். போன முதல் ஞாயிறு அரிசி வாங்கக் கிளம்பினேன். ஊரே பூட்டிக் கிடந்தது, ஞாயிறு கடை திறக்க மாட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. பெட்டியில் அம்மா வைத்த பருப்புப் பொடி இருந்தது, சோறு இல்லை. ரொட்டியில் பருப்புப் பொடி தூவிச் சாப்பிட்டால் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். டிசம்பரில் நாலே கால், நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். மாலை ஷிஃப்ட் போகாத நாளில் அந்த இருட்டை அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஊருக்கு வீடியோ கால் போட்டால் அங்கே எல்லோரும் தூங்கப் போகும் நேரம்.

2023 மே மாதம் 49 யூரோவுக்கு நாடு முழுக்க உள்ளூர் ரயில், பேருந்தில் போகும் மாதச் சீட்டு வந்தது (இப்போது 63). அதை வைத்துக்கொண்டு கோடையில் ஹம் நகரத்துக்குப் போனேன். தொழிற்பேட்டை நடுவே காமாட்சி அம்பாளுக்கு ஈழத் தமிழர்கள் கட்டிய பெரிய கோயில் இருக்கிறது, 2002-ல் குடமுழுக்கு நடந்தது. ஒன்பது மாதத்துக்குப் பிறகு தமிழில் "பிள்ளை, சாப்பிட்டியே?" என்று ஒரு அம்மா கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அறை, பேருந்து, ஞாயிற்றுக்கிழமை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்தது ஓபேர். காகிதத்தில் பார்த்தால் இதுதான் சுலபம். ஜெர்மன் ஏ1 இருந்தால் போதும். விண்ணப்பிக்கும்போது 27 ஆகியிருக்கக் கூடாது. ஒரு குடும்பத்தோடு தங்கி குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, சின்னச் சின்ன வீட்டு வேலை செய்ய வேண்டும், வாரம் 30 மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாதம் 280 யூரோ, மொழி வகுப்புக்கு 70 யூரோ, தனி அறை, சாப்பாடு, வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு, குறைந்தது நான்கு மாலை உங்களுக்கு. வீட்டில் ஜெர்மன் பேச வேண்டும், உங்கள் நாட்டுக் குடும்பமாக இருக்கக் கூடாது. ஃப்ராங்ஃபர்ட்டில் இருக்கும் நம்ம மாமா வீட்டுக்கு ஓபேராகப் போகலாமே என்ற திட்டம் இதோடு காலி.

சேவை ஆண்டுக்கு வருவதற்கு முன் எங்கள் வீட்டு ஜார்ஜியாக்காரி ஓபேராகத்தான் இருந்தாள். நல்ல குடும்பம், திட்டியதில்லை, ஏமாற்றியதில்லை. ஆனால் ஞாயிறு காலை ஆறு மணிக்கு நாலு வயதுக் குழந்தை வந்து கதவைத் தட்டும். குழந்தையிடம் போய், இன்று எனக்கு ஓய்வு நாள் என்று சொல்ல முடியுமா? அறைக்குள் இருந்தால் 'ஏன் உம்மென்று இருக்கிறாய்', வெளியே வந்தால் கையில் குழந்தை. முப்பது மணி நேரம் முப்பத்தெட்டாக நீண்டதை அவளே எண்ணிப் பார்க்கவில்லை. "நீயும் எங்க குடும்பத்துல ஒருத்தி" என்று சொல்வார்களாம். இந்த வாக்கியம் நமக்குப் புதிதில்லை. நம்ம வீடுகளில் 'வீட்டுப் பொண்ணு மாதிரி' என்று ஒருத்தியைச் சொன்னால், அவளுக்கு லீவு கிடையாது என்று அர்த்தம்.

ஓபேர் வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். மொழி வேகமாக வரும். அந்த ஜார்ஜியாக்காரி குழந்தைக்கு ஈடுகொடுத்தே எங்களில் நன்றாகப் பேசுபவள் ஆனாள். குழந்தைகளோடு பொழுது போவதே சந்தோஷம் என்கிறவர்களுக்கு அது நல்ல வருஷம். என் தம்பிக்குச் சொந்த அக்கா மகனைப் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளவே பொறுமை இல்லை. பையன்களுக்குக் குடும்பம் கிடைப்பதும் கொஞ்சம் கஷ்டம். அந்த வரிசையை அவனே அழித்துவிட்டான்.

பண்ணையைப் பற்றி அவன் ரொம்பக் கனவோடு இருந்தான். ஆலிவ் மரம், ஆடு, சூரிய அஸ்தமனம். வூஃப் என்று ஒன்று 1971-ல் இங்கிலாந்தில் தொடங்கியது. ஊர்ப்புறத்துக்குப் போக ஆசைப்பட்ட நகரத்துக்காரர்கள் சனி ஞாயிறில் பண்ணையில் வேலை செய்வதற்காக ஆரம்பித்து உலகம் முழுக்கப் பரவியது. வொர்க்அவே போன்ற தளங்களும் அந்த வழிதான்: தினம் நாலைந்து மணி நேர வேலைக்கு இடமும் சாப்பாடும். ஐரோப்பியப் பிள்ளைகள் ஐரோப்பாவுக்குள் இதைச் செய்வது அழகான விஷயம். நம்ம பாஸ்போர்ட்டுக்கு அது வேறு கதை. பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் சுற்றுலா விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம், வருஷம் என்ற பேச்சே இல்லை. அதோடு, இடத்துக்கும் சோற்றுக்கும் உழைப்பதையும் வேலை என்றே பல நாடுகள் எடுத்துக்கொள்கின்றன. நியூசிலாந்து அதை வெளிப்படையாகவே சொல்கிறது. பிரிட்டனில் பார்வையாளர் விசாவில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் 30 நாள் வரைதான் தன்னார்வ வேலை செய்யலாம்.

என் கல்லூரித் தோழி ஒருத்தி போர்ச்சுகலில் ஒரு பண்ணைக்குப் போனாள். விமான நிலையத்தில் யாராவது கேட்டால் சும்மா சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல் என்று முன்கூட்டியே செய்தி அனுப்பினார்களாம். அங்கேயே அவள் யோசித்திருக்க வேண்டும். தங்க வைத்தது ஒரு பழைய வேன். ஆடு ராத்திரி குட்டி போட்டாலும் இவளைத்தான் எழுப்புவார்கள். கை கிழிந்தபோது பயணக் காப்பீட்டுக்காரர்கள், அடிபட்டது வேலையிலா, சுற்றுலாவிலா என்று கேட்டார்கள். என்ன சொன்னாலும் மாட்டிக்கொள்ளும் கேள்வி. மூன்றாவது வாரம் திரும்பிவிட்டாள். ஆடு மட்டும் இன்னமும் அவள் வாட்ஸ்அப் டிபி-யில் இருக்கிறது. பண்ணைதான் வேண்டும் என்றால் ஜெர்மனியிலேயே எஃப்ஓஜே என்று சுற்றுச்சூழல் சேவை ஆண்டு இருக்கிறது, 1993-லிருந்து சட்டப்படி. அதே காப்பீடு, அதே கருத்தரங்கு, ஆடும் உண்டு.

பட்டியலில் இல்லாத ஒன்றையும் சொல்லி முடித்துவிடுகிறேன். காசு கட்டி கம்போடியாவிலோ நேபாளத்திலோ அநாதை இல்லத்தில் இரண்டு வாரம், இரண்டு மாதம் 'சேவை' செய்யும் பேக்கேஜ்கள் இன்ஸ்டாகிராமில் வரும். இரண்டு நாடுகளிலும் இந்த இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்களின் காசுக்காகவே பிள்ளைகளை அங்கே வைத்திருப்பதும் நடக்கிறது. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஆஸ்திரேலியா சேவையே இல்லை, ஆனால் நியாயமான போட்டியாளர். 2024 செப்டம்பரில் இந்தியர்களுக்கு 462 என்ற வொர்க் அண்ட் ஹாலிடே விசாவைத் திறந்தார்கள். வயது 18-30, வருஷத்துக்கு 1,000 இடம், குலுக்கல் முறை. பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர், கையிருப்பாக 5,000 டாலர் அளவில் காட்ட வேண்டும், விசாக் கட்டணம் தனி. கிடைத்துவிட்டால் காசில் இதை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. 2025 ஜூலையில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலராக ஆனது. என் ஒரு மாதக் கைச்செலவை அங்கே நாலு நாளில் சம்பாதித்துவிடலாம். ஆனால் அறையை நீங்களே தேட வேண்டும், வேலையை நீங்களே தேட வேண்டும், பல் வீங்கினால் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். துணிச்சலும் கையில் கொஞ்சம் பணமும் இருக்கிறவர்களுக்குச் சரி. குலுக்கலில் பெயர் போட்டுவை, ஆனால் அதை நம்பி ஜெர்மன் வகுப்பை நிறுத்தாதே என்றேன்.

ஆரம்பச் செலவு என்று பார்த்தால் ஜெர்மனிக்கு மொழி வகுப்பு, பரீட்சைக் கட்டணம், விசா, விமான டிக்கெட். மாணவர்களைப் போல வங்கியில் லட்சக்கணக்கில் முடக்கிவைக்கத் தேவையில்லை, அறையும் கைச்செலவும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டுதான் ஏஜென்ட்கள் அந்த லட்சங்களைத் தங்கள் பக்கம் திருப்பப் பார்க்கிறார்கள். காரிடாஸ், டியாகோனி, செஞ்சிலுவைச் சங்கம் போன்று சேவை ஆண்டை நடத்தும் அமைப்புகளுக்கு நேராகவே எழுதலாம். ஓபேருக்கு ஜெர்மன் சட்டப்படி இடைத்தரகர் உங்களிடம் 150 யூரோவுக்கு மேல் வாங்கவே கூடாது. நம்ம பக்கத்தில் அதற்கு என்ன வாங்குகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். தமிழ்நாட்டில் ஜெர்மன் இளைஞர்கள் வந்து தங்கிப் போகும் தொண்டு நிறுவனம் உங்கள் ஊரில் இருந்தால் அங்கே ஒரு தடவை விசாரியுங்கள். வெல்ட்வெர்ட்ஸ் என்ற ஜெர்மன் அரசின் தன்னார்வத் திட்டத்தில் 2008-லிருந்து அவர்கள் இங்கே வருகிறார்கள், 2013-லிருந்து இங்கிருந்தும் அங்கே அனுப்புகிறார்கள். இடம் குறைவு, செலவில் பெரும்பகுதியைத் திட்டமே ஏற்கும்.

இதெல்லாம் பேசி முடித்தபிறகு ஒன்று கேட்டேன்: "உண்மையச் சொல்லு, சேவை செய்யப் போறியா, அங்க செட்டில் ஆகப் போறியா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. செட்டில் ஆவதுதான் நோக்கமென்றால் இந்த நாலையும் விட்டுவிட்டு நேராக நர்சிங் ஆவுஸ்பில்டுங்குக்குத் தயாராகலாம். மூன்று வருஷத் தொழிற்படிப்பு, பொதுத்துறை மருத்துவமனைகளில் முதல் வருஷமே மாதம் 1,300 யூரோவுக்கு மேல் தருகிறார்கள். சேவை ஆண்டை அதற்கு முன்னோட்டமாகப் பலர் எடுக்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் விசா நேர்காணலில் ஒன்று சொல்லி மனசில் இன்னொன்று வைத்திருந்தால் பதில் தடுமாறும். "தெரியலக்கா. அத யோசிக்கத்தான் ஒரு வருஷம் வேணும்" என்றான். இதை விட நேர்மையான பதில் எனக்கே அந்த வயதில் வந்திருக்காது. சித்திக்குத்தான் புரியவில்லை.

இப்போது பி1 வகுப்பில் சேர்ந்திருக்கிறான். மூன்று இடங்களுக்கு எழுதினான், நான் சொன்ன மூன்று கேள்விகளோடு: அறை எங்கே, வீட்டில் வேறு யார் இருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு. ஓரிடத்திலிருந்து பதிலே இல்லை. இன்னோரிடத்தில் அறை முதியோர் இல்லத்தின் மேல்மாடியிலேயே இருக்கிறது, ரொம்ப வசதி என்று எழுதியிருந்தார்கள், அதை நான் வேண்டாம் என்றேன். மூன்றாவது, மாற்றுத்திறனாளிகள் தங்கும் இல்லம். அறை 3 கிலோமீட்டர் தள்ளி, கூட இரண்டு தன்னார்வலர்கள், ஞாயிறு பேருந்தே கிடையாது, போன வருஷம் இருந்த பையன் ஒரு சைக்கிளை விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ்: "அக்கா, ஸ்னோவுல சைக்கிள் ஓட்டலாமா?"